மறுநாளைக்கு வைக்காதவர்

மீன் குழம்பு என்றால் அது மறுநாள்தான் மீன் குழம்பு. இதை ஒத்துக்கொள்ளாத ஆட்களோடு எனக்குப் பேச்சே கிடையாது என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கடைசியில் அப்படி ஒத்துக்கொள்ளாத ஒருவரோடுதான் ஆறு வருடம் ஒரே வீட்டில் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வெம்பக்கோட்டை அணையிலிருந்து வரும் கெண்டையை வாங்கி வந்து, கெட்டியாகப் புளி கரைத்து, ஆசை ஆசையாகக் குழம்பு வைப்பேன். மறுநாள் காலையில் இட்லிக்குத் தொட்டுக்கொள்ள அரைச் சட்டியாவது மிஞ்ச வேண்டும் என்பது என் திட்டம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், என் வீட்டில் குடியிருந்த அந்த அக்கா சட்டிக்குள் எட்டிப் பார்ப்பார். உள்ளே பல்லி விழுந்து கிடப்பதைப் பார்த்ததுபோல முகம் மாறும்.

"டீச்சர், இன்னும் ரெண்டு துண்டு கெடக்கு."

"இருக்கட்டும்க்கா. நாளைக்கு ஆகும்."

"நாளைக்கு உள்ளத நாளைக்கு ஆக்கிக்கிருவோம். தட்டக் காட்டுங்க."

தட்டில் விழுந்துவிடும். வயிறு இடமில்லை என்று சொன்னால் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். அந்த ஆறு வருடத்தில் நான் நன்றாகச் சதை போட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் போட்டிருப்பார்கள். என்னிடம் நல்ல ஃபிரிட்ஜ் ஒன்று இருந்தது. அதில் தண்ணீர் பாட்டிலைத் தவிர எதையும் வைக்க அவர் விடமாட்டார். "கெட்டுப் போகாதுக்கா, இதுக்குத்தானே இதை வாங்கியிருக்கு" என்று ஒருநாள் சண்டைக்கே போனேன். "கெட்டுப் போகாதுதான். ஆனா உள்ள ஒண்ணு கெடக்குன்னு மனசுல கெடக்குமே, அத எங்க கொண்டுபோயி வைக்க?" என்றார். பதில் இல்லாதபோது எனக்குக் கோபம்தான் வரும்.

அவர் என்னை டீச்சர் என்று கூப்பிட்டாலும் நான் டீச்சர் இல்லை. சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் புரூஃப் பார்க்கிறேன். தினமும் ஒரு தாள் கிழிக்கிற காலண்டரில் நல்ல நேரம், ராகு காலம், யோகம், முகூர்த்தம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும் அல்லவா, அதில் தப்பு வராமல் பார்ப்பது என் வேலை. ஆடி பிறந்தால் எங்களுக்கு சீசன். அடுத்த வருடத்து முந்நூற்றுச் சொச்சம் நாட்களையும் இந்த வருடமே பார்த்து முடித்துவிடுவேன். கையில் சிவப்புப் பேனா வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் அக்காவுக்கு டீச்சர்தான்.

வீடு என் அப்பா கட்டியது. இரண்டு அறை, ஒரு அடுப்படி, பின்னால் ஒரு துவைகல். என் வீட்டுக்காரர் வேறொரு பெண்ணோடு கோயம்புத்தூர் போனபின் அம்மாவும் நானும் அங்கே இருந்தோம். அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு நான் டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். அவள் "வணக்கம்" என்றால் நானும் "வணக்கம்" என்பேன். ஒருநாள் "நல்லா இருக்கியாம்மா?" என்று அவளை விசாரித்துவிட்டு எனக்கே பயம் பிடித்தது. மறுநாள் கம்பெனியில் பைண்டிங் வேலை பார்க்கிற பெண்களிடம், ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது, யாராவது தனியாள் இருந்தால் சொல்லுங்கள் என்றேன். அந்த வாரமே அக்கா ஒரு பையும் ஒரு பாயுமாக வந்து வாசலில் நின்றார். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். ஒல்லி. கையிலும் காதிலும் ஒன்றுமில்லை.

அவர் கேட்டது ஒரே கேள்விதான். "சமையல் சேத்தா, தனியா?"

"உங்க இஷ்டம்."

"சேத்தே ஆக்குவோம். தனித்தனியா ஆக்குனா மிச்சமாகும்."

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவருக்கு வேலை. புஸ்வாணக் குழாய்க்குள் மருந்து அடைக்க வேண்டும். காலை ஆறரைக்குத் தெருமுனைக்கு வேன் வரும். மருந்து என்று அவர்கள் சொல்வது பட்டாசுக்குள் போகிற கலவையை. அதைப்பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வெடிக்கும் என்பது மட்டும் தெரியும். வந்த புதிதில் ஒருநாள், ஏனக்கா இப்படி எதற்கெடுத்தாலும் மிச்சம் மிச்சம் என்று அடித்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன். பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார்.

"காலைல கலந்த மருந்த அன்னைக்கே அடைச்சு முடிக்கணும் டீச்சர். மிச்சத்த மூடி வச்சமுன்னா உள்ளுக்குள்ள சூடாகிக்கிட்டே கெடக்கும். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. மறுநா போயி மூடியத் தெறப்பமுல்ல, அப்பத்தான் தெரியும்."

அப்புறம் சட்டியின் அடியைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தபடியே சொன்னார். "சனிக்கெளமை மிச்சம். திங்கக்கெளமை எங்க வீட்டுக்காரருதான் தெறந்தாரு."

தேய்த்த சட்டியை அலசச் சொல்லி என் கையில் கொடுத்தார். நான் அதை வாங்கிக்கொண்டு குழாயைத் திறக்காமல் நின்றேன். "தண்ணி வாரது நின்னுரும், அலசுங்க" என்றார். அதற்குப் பிறகு அவரே அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சோறு, குழம்பு மட்டுமில்லை. இரவல் வாங்கிய பாத்திரம் அன்றைக்கே திரும்பிப் போக வேண்டும். துவைக்கிற துணி மறுநாளைக்குக் கிடக்கக் கூடாது. கோபம் கூடக் கிடக்கக் கூடாது. இதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. ஏனென்றால் கோபத்தைச் சேர்த்து வைப்பதில் நான் கெட்டிக்காரி. வாய் பேசாமல் இருந்து ஆளைக் கொல்வேன். வீட்டுக்காரரோடு பதினோரு நாள் பேசாமல் இருந்ததுதான் என் அதிகபட்சம். பன்னிரண்டாம் நாள் பேசலாம் என்றிருந்தேன், அதற்குள் அவர் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

ஒரு தடவை நான் தோசைக்கு எடுத்து வைத்திருந்த மாவை, புளித்துவிடும் என்று அக்கா தெருவுக்கே பணியாரமாக ஊற்றிக் கொடுத்துவிட்டார். நான் கம்பெனியிலிருந்து வந்து காலிச் சட்டியைப் பார்த்தேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அக்கா கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு வந்து, என் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீக?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லைன்னா இம்புட்டு நீளமா இருக்காதே மூஞ்சி. மாவுதானே? வையுங்க. நல்லா வஞ்சிருங்க. பொளுது அடையிறதுக்குள்ள முடிச்சுக்கிருவோம்."

"என்னைக் கேக்காம ஏன் ஊத்துனீங்க?"

"தப்புத்தேன். இனிமே கேட்டு ஊத்துதேன். வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

"வேற இருக்கு. தண்ணி பிடிக்கலன்னு போன வாரம் மொறச்சீகளே. அதையும் சேத்துச் சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபிறகு எப்படிச் சண்டை போடுவது? இந்த வித்தையை எனக்கு யாராவது இருபது வயதில் கற்றுக்கொடுத்திருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி இருந்திருக்கும். வேலைக்குப் போன இடத்தில் கற்றதைக் கொண்டுவந்து ஒரு மனுஷி இப்படி வீடு முழுக்க நடத்திக்கொண்டிருந்தாரே என்று இப்போது நினைக்கிறேன். அப்போது சிரித்தேன், அவ்வளவுதான்.

ஊரெல்லாம் காலண்டரில் காலையில் தாளைக் கிழிப்பார்கள். அக்கா சாயங்காலம் கிழிப்பார். விளக்கைப் பொருத்திவிட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிற காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, என்ன போட்டிருக்கிறது என்று பார்க்காமலே கசக்கிக் குப்பையில் போடுவார். ஒரு தாளுக்குள் எத்தனை எழுத்துக்களை நான் கண் வலிக்கப் பார்த்திருப்பேன்! "நான் திருத்தினதை ஒருநாளாவது படிக்கலாமில்ல" என்று கேட்டால், "முடிஞ்சு போன நாள்ல என்னத்தப் படிக்க?" என்பார்.

என் அலமாரியை அவர் காலி செய்த கதையைச் சொல்லாவிட்டால் இந்த மனுஷியைச் சொன்னதாகவே ஆகாது. அலமாரியின் கீழ்த்தட்டில் என் வீட்டுக்காரரின் சட்டைகள் இருந்தன. எட்டோ ஒன்பதோ. வருடத்துக்கு ஒருமுறை எடுத்து, துவைத்து, மடித்து, அந்துருண்டை போட்டு மறுபடி வைப்பேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு பொங்கலுக்கு முன்னால் வீடு ஒழிக்கும்போது அக்கா அந்தத் தட்டைத் திறந்தார்.

"இது யாருது?"

சொன்னேன்.

"வருவாரா?"

இந்தக் கேள்வியை அதுவரை என்னிடம் யாரும் நேராகக் கேட்டதில்லை. அம்மா கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டதில்லை. "மாட்டாரு" என்றேன்.

"அப்பச் சரி. உங்க கம்பெனில மிசின் தொடைக்கத் துணி கேப்பாகள்ல?"

பிரஸ்ஸில் உருளையிலிருக்கிற மையைத் துடைக்கப் பழைய பருத்தித் துணி எப்போதும் வேண்டும். அக்கா ஒரு கத்தரிக்கோலை எடுத்துவந்து என் கையில் கொடுத்து, பட்டன்களை மட்டும் நறுக்கச் சொன்னார். மற்றதை அவர் கிழித்தார். சட்டை கிழிகிற சத்தம் கேட்கக் கேட்க நான் அழுதேன். அவர் அழாதே என்று சொல்லவில்லை. "அளுங்க, அளுங்க, இன்னைக்கோட சரி" என்று சொல்லிக்கொண்டே கிழித்தார். அடுத்த வாரம் மிசின் ரூமுக்குப் போனபோது மிசின்மேன் நீலக் கட்டம் போட்ட துணியால் சிவப்பு மையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னவோ பாரம் இறங்கியதுபோல் இருந்தது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். என்னை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் கைப்பிடித்து நகர்த்தி வைத்தவர் அந்த அக்கா. இதை இங்கே அழுத்திச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அப்போதுதான் நான் செய்தது எப்பேர்ப்பட்ட காரியம் என்று விளங்கும்.

அக்காவையும் கூட வேலை பார்க்கிறவர்களையும் ஏற்றிப் போகிற வேன்காரர் மனைவியை இழந்தவர். பேச்சு குறைவு. நான் பால் வாங்கத் தெருமுனைக்குப் போகும்போது பார்த்திருக்கிறேன். அக்கா ஏறி உட்காருகிறவரை வண்டியை எடுக்கமாட்டார். கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். எல்லாருக்கும் அப்படிச் செய்கிறார் என்று நினைத்தேன். அக்காவுக்கு மட்டும்தான் என்று பிறகு தெரிந்தது.

ஆனி மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா தட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"நாளைக்கு ரெண்டு பேரு வருவாக. வேன்காரவுகளும் அவுக அக்காளும்."

"எதுக்கு?"

"எதுக்கு வருவாக?" என்றார். காது சிவந்துவிட்டது. அந்த வயதில் ஒருத்திக்குக் காது சிவக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. "எனக்குன்னு பேச ஆளு கெடையாது டீச்சர். கூடப் பிறந்தவுக, கட்டிக் குடுத்தவுக யாரும் இல்ல. இந்த வீட்லதான் இருக்கேன். பொண்ணு வீட்டுக்காரவுகன்னா அது நீங்கதேன். நீங்க சொல்லுததுதேன்."

எங்கள் பக்கம் அப்படித்தான். பெண்ணுக்கு இருபது வயதானாலும் சரி, ஐம்பது ஆனாலும் சரி, தன் வாயால் சரி என்று சொல்லமாட்டாள். அவளுக்காக ஒருவர் உட்கார்ந்து, வந்தவர்களை வாங்க என்று கேட்டு, சரி என்று சொல்ல வேண்டும். சொன்னதும் பூ வைத்துவிடுவார்கள். அவ்வளவுதான் காரியம். உங்களுக்குச் சம்மதமா அக்கா என்று நான் அப்போது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ரசம் ஊற்றிக்கொண்டேன்.

அன்று ராத்திரி எனக்குப் பயம் வந்துவிட்டது. அக்கா போய்விடுவார். நான் திரும்பவும் டிவிக்காரிக்கு வணக்கம் சொல்வேன். இதுதான் பயம். வேறு நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை. அந்த மனிதரைப் பற்றிக் குறை சொல்ல ஒரு வார்த்தை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்தார்கள். வேன்காரர் வெள்ளை வேட்டி சட்டையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய அக்கா நல்ல வாட்டசாட்டமான பெண்மணி. தேங்காய், பழம், தாமரை இலையில் பொதிந்த மல்லிகைப்பூ எல்லாம் வைத்த தட்டை முன்னால் வைத்தார். நம் அக்கா அடுப்படிக்குள் இருந்தார்.

"சுத்தி வளைச்சுப் பேசல தாயி" என்றார் அந்தம்மா. "தம்பி புள்ளைக ரெண்டையும் கட்டிக் குடுத்துட்டான். ஒத்தையில கெடந்து ஓட்டல்ல திங்கான். உங்க அக்காளப் பத்தி ஊரே நல்லவிதமாச் சொல்லுது. நீங்க ஒரு வார்த்த சரின்னா இப்பவே பூ வச்சிட்டுப் போயிருவோம்."

வேன்காரர் ஒரே ஒருமுறை அடுப்படிப் பக்கம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "இன்னைக்கா? இன்னைக்கு மரணயோகமாச்சே!" என்றேன். "பொழுது முழுக்க இருக்கு. இன்னைக்கு நல்ல காரியம் எதுவும் பேசி முடிக்க வேண்டாம். நாங்க பாத்துச் சொல்லி அனுப்புறோம்."

அந்தம்மாவின் கை தட்டின் விளிம்பில் அப்படியே நின்றது. "அப்படியா? நாங்க ஞாயித்துக்கெளமைன்னு மட்டும்தான் பாத்தோம். நீங்க காலண்டர் கம்பெனில இருக்கீக, உங்களுக்குத் தெரியாததா எங்களுக்குத் தெரியப் போகுது" என்று சொல்லி எழுந்தார். பூவை நல்லபடியாகச் சாமிக்குப் போடுங்கள் என்று நானே தட்டைத் தூக்கிக் கொடுத்தேன். பெண் வீட்டில் சொல்லி அனுப்புகிறோம் என்று சொன்னால் எங்கள் பக்கம் அதற்கு இஷ்டமில்லை என்றுதான் அர்த்தம். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அன்று மரணயோகம் கிடையாது. சித்தயோகம். வளர்பிறை முகூர்த்தம் வேறு. போன வருடம் என் கையால் டிக் போட்டு அனுப்பிய தாள். ஒரு தேதியில் ஒரு எழுத்து தப்பாகப் போனால் மூன்று நாள் சாப்பாடு இறங்காமல் கிடக்கிறவள் நான். வேண்டுமென்றே ஒரு நாளைத் திரித்துச் சொன்னது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் அக்கா விளக்கைப் பொருத்திவிட்டுத் தாளைக் கிழித்தார். கசக்கவில்லை. வெளிச்சத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் படித்தார். எட்டாவது வரைக்கும் படித்தவர், எழுத்துக்கூட்ட வேண்டியதில்லை. நான் அறைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தாளை நான்காக மடித்துக் குப்பையில் போட்டார். இதோ இப்போது வந்து என் எதிரே சம்மணம் போட்டு உட்காரப் போகிறார், ஏன் பொய் சொன்னீகன்னு கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் காலில் விழுந்து சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன்.

"சாப்பிட வாங்க டீச்சர்" என்றார். அவ்வளவுதான்.

அடுத்தவர்களுக்காக எதையும் வாய்விட்டுக் கேட்கிறவர், தனக்கென்று ஒன்றைக் கேட்கத் தெரியாதவராக இருந்தார். அதை நான் பயன்படுத்திக்கொண்டேன். மூன்று நாள் கழித்து, "வேன்ல கேக்காக, என்ன சொல்லட்டும்?" என்றார். ஆடி பிறக்கப் போகிறது, போகட்டும் என்றேன். "சரி" என்றார். ஆவணியில் கேட்டார். முதல் முகூர்த்தம் தேய்பிறையில் வருகிறது, பார்ப்போம் என்றேன். "சரி" என்றார். ஆவணி முடிகிற சமயம் இன்னொரு தடவை கேட்டார். புரட்டாசி வந்துவிட்டதே, ஐப்பசியில் உங்களுக்கும் தீபாவளி லோடு, எனக்கும் சீசன் என்றேன். "சரி டீச்சர்." அதற்குப் பிறகு கேட்கவில்லை. அந்த மாதங்களில் தினமும் கம்பெனியில் உட்கார்ந்து அடுத்த வருடத்து முகூர்த்த நாட்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து டிக் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு டிக் கூடத் தவறவில்லை. அதுதான் இப்போது ஆச்சரியமாக இருக்கிறது.

வீட்டில் மட்டும் ஏதோ மாறியது. காலண்டர் தாள் இரண்டு நாள் கிழிக்காமல் தொங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டியில் அரைவாசி மீன் குழம்பு இருந்தது. அக்கா எட்டிப் பார்க்காமல் போய்ப் படுத்துவிட்டார். மறுநாள் காலையில் இட்லிக்கு ஊற்றிச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகளுக்கு லீவு விட்டபோது வேன்காரர் வீட்டிலிருந்து பத்திரிகை வந்தது. பெண்ணுக்குச் சாத்தூர்ப் பக்கம். கார்த்திகையில் ஏழாயிரம்பண்ணையில் கல்யாணம். வேண்டாம் போகாதீங்க என்றேன். "நம்ம வண்டிக்காரவுக கல்யாணம், போகாட்டி நல்லாருக்குமா? நீங்களும் கெளம்புங்க" என்றார்.

போனோம். அக்கா ஒரு எவர்சில்வர் குடம் வாங்கி வந்திருந்தார். மேடையில் ஏறிக் கொடுத்தார். புதுப்பெண்ணின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். பந்தியில் ஆள் போதவில்லை என்று முந்தானையைச் செருகிக்கொண்டு கூட்டு பரிமாறினார். நான் இலையில் எதையும் தொட முடியாமல் உட்கார்ந்திருந்தபோது வேன்காரரின் அக்கா பக்கத்தில் வந்து குனிந்து மெல்லச் சொன்னார்.

"நாங்க ஆவணி பூரா பாத்தோம் தாயி. அவன் இன்னும் பத்து நா பாப்போம், இன்னும் பத்து நா பாப்போம்னு சொல்லிக்கிட்டே இருந்தான். உங்க அக்காளுக்கு இஷ்டமில்லைங்கையில நாம என்ன செய்ய முடியும்?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அக்கா. வெளியே சோளக்காட்டுக்கு நடுவே பட்டாசுக் கம்பெனி ஷெட்டுகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. "நல்லா நடந்துச்சு. சாம்பார்லதேன் உப்பு கம்மி" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பையும் பாயுமாக என் முன்னால் நின்றார். நாரணாபுரத்தில் கூட வேலை பார்க்கிற ஒருத்தியும் தனியாள்தானாம். அவளோடு இருக்கப் போகிறாராம்.

"என் மேல கோவமாக்கா?"

"கோவமில்ல டீச்சர். கோவம்னா உங்ககிட்டயே சொல்லி அன்னைக்கே முடிச்சிருப்பேன்ல? இது அப்படி முடியிறதா இல்ல. தெனமும் விடிஞ்சு உங்க மொகத்தப் பாக்கையில திரும்பவும் இருக்கு. அஞ்சு மாசமா இருக்கு. என்னால ஆகல."

இருங்கக்கா என்று சொல்லியிருக்க வேண்டும். தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு. "மார்கழி பொறக்கப் போகுது, மார்கழில வீடு மாத்தக் கூடாதுக்கா" என்றேன்.

அக்கா சிரித்துவிட்டார். மாதக்கணக்கில் கேட்காத சிரிப்பு. "அதுக்குத்தேன் இன்னைக்கே போறேன்" என்றார்.

அவர் போனபின் அடுப்படிக்குப் போய்ப் பார்த்தேன். அரிசிப் பானை கழுவிக் கவிழ்த்திருந்தது. எனக்கு மட்டும் ஒரு வேளைக்குச் சோறும் துவையலும் மூடி வைத்திருந்தார்.

அந்த அறையில் நான் வேறு யாரையும் வைக்கவில்லை. இரண்டு மூன்று பேர் வந்து கேட்டார்கள். பார்த்துச் சொல்கிறேன் என்றே சொல்லி அனுப்பினேன். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் நாரணாபுரத்துக்குப் பஸ் ஏறினேன். அக்கா வாசலில் வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அந்த இன்னொரு பெண்ணுக்கு முழங்காலில் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். "வாங்க டீச்சர், வாங்க, எம்புட்டு மெலிஞ்சிட்டீக!" என்று எழுந்து வந்தார். கூட இருந்தவள் எங்களைப் பார்த்துவிட்டு, காப்பி போடுகிறேன் என்று நொண்டி நொண்டி உள்ளே போனாள்.

அவள் போனதும் ஆரம்பித்துவிட்டேன். இனிமேலும் தள்ளினால் நான் மனுஷியே இல்லை.

"அக்கா, அன்னைக்கு மரணயோகம் இல்ல."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் சொன்னேன். நீங்க போயிருவீங்கன்னு பயம். வேற ஒண்ணுமே இல்ல."

"அதுவும் தெரியும் டீச்சர்." என் தோளில் கை வைத்தார். கையில் தைல வாசனை. "போகுது விடுங்க."

அத்தோடு நான் விட்டிருக்கலாம். அவர் மன்னித்துவிட்டார், வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் ஆனி மாதத்திலிருந்து கேட்காமல் வைத்திருந்த ஒன்று மிச்சம் இருந்தது.

"உங்களுக்குச் சம்மதமா இருந்துச்சா அக்கா?"

கொஞ்சமும் யோசிக்கவில்லை. உப்பு போட்டாயிற்றா என்று கேட்டால் சொல்வாரே, அப்படிச் சொன்னார்.

"இருந்துச்சு டீச்சர். அம்புட்டு ஆசையா இருந்துச்சு." பிறகு தன் வெறும் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னைக்குக் காலைல கடைவீதிக்குப் போயி வளையல் வாங்கிப் போட்டுக்கிட்டு வந்து அடுப்படில நின்னேனே. கண்ணாடி வளையல், பச்சைக் கலரு. எத்தனையோ வருசம் களிச்சுப் போட்டேனா, கை ஒரு எடத்துல நிக்கல. நீங்க கவனிக்கலியா?"

கவனிக்கவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கும் அது ஆறுதலாக இருந்திருக்கும்.

"வளையல் சத்தம் கேட்டுச்சுக்கா" என்றேன். "நான் பேச வாயத் தெறக்கும்போதும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு."